கூரைக்குள் இருந்த எலியும் ஜாவாவில் திருத்திய பதினைந்து இலட்சம் வீடுகளும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வரலாற்றுப் பாடம் மாதிரித்தான் இருக்கும், ஆனால் கடைசியில் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை ஒன்பது நாள் பாடசாலைக்கு வரவில்லை. வகுப்பு டீச்சரோடு நானும் வீட்டுக்குப் போனேன். பிள்ளையின் உம்மாவுக்கு எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அல்ஹம்துலில்லாஹ், தேறிவிட்டார். அந்தப் பெண் வயல் வேலைக்கும் போகிறவர். அதனால் நோய் வயலில் பிடித்ததா வீட்டில் பிடித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த வீட்டில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். தகரக் கூரை. வெக்கை தாங்காமல் அதற்குக் கீழே அரிசிச் சாக்குகளைத் தைத்து சீலிங் மாதிரிக் கட்டியிருந்தார்கள். நாங்கள் கதைத்துக்கொண்டு இருக்கும்போதே தலைக்கு மேலே சாக்கு உப்பி உப்பிப் போனது. பட்டப்பகலில் எலி ஓடுகிறது. பிள்ளை வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டது.

பீ.எச்.ஐ. வந்து பார்த்து, கூரையில் உள்ள ஓட்டைகளை அடைக்கும்படி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் சொன்னது சரிதான். அந்த உம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அடைக்கச் சொல்லிட்டாங்க சேர். எதால அடைக்கிற?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை நூறு வருடங்களுக்கு முன்பு இலட்சக்கணக்கான ஏழை முஸ்லிம் குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. அது நடந்தது ஜாவாவில்.

அதற்கு முன் என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் வீட்டை மட்டும் சொன்னதாக இருக்கக்கூடாது. இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் சீலிங்கிலும் எலித் தொல்லை. கடையில் எலிப்பாசாணம் வாங்கி மேலே வைத்தேன். நோன்பு கடைசிப் பத்தில் நாற்றம் தொடங்கியது. வீட்டுக்குள் இருந்து நோன்பு திறக்க முடியவில்லை. ஓடாவிக் காக்கா ஒருவர் வந்து பலகையைக் கழற்றி, செத்த எலியை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "எலியக் கொன்னுட்டீங்க சேர். அது வந்த வழி அப்படியே கெடக்கு. நாளைக்கு அதுட தம்பி வருவான்."

வந்தான். ஒரு மாதத்துக்குள்ளேயே வந்தான்.

ஓடாவிக் காக்கா ஒரு வசனத்தில் சொன்னதை, உலகத்தின் பெரிய அரசாங்கங்கள் பல உயிர்களைக் கொடுத்துத்தான் படித்துக்கொண்டன.

1894இல் ஹொங்கொங்கில் பிளேக் நோய் பரவியது. மார்க்கக் கிதாபுகளில் தாஊன் என்று படிக்கிறோமே, அந்த நோய்தான். அங்கேதான் அலெக்சாந்தர் யெர்சின் என்ற ஆய்வாளர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். 1896இல் நோய் பம்பாய்க்கு வந்தது. 1898இல் கராச்சியில் இருந்த போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பரிசோதனை செய்து காட்டினார். அவர் சொன்னதைப் பலர் உடனே நம்பவில்லை. ஏற்றுக்கொள்ளப் பல வருடங்கள் எடுத்தது.

இந்தத் தெள்ளுப்பூச்சி விஷயத்தைக் கவனியுங்கள். எலி செத்தால் அதன் உடம்பு குளிர்ந்துவிடும். தெள்ளு சூடான உடம்பைத் தேடி இறங்கும். அந்த எலி செத்துக் கிடப்பது நாம் படுக்கும் பாய்க்கு மேலே இருக்கும் முகட்டில் என்றால், தெள்ளு இறங்கி வரும் இடம் நம்முடைய உடம்புதான். அதனால் பிளேக் காலத்தில் வீட்டுக்குள் எலிகள் தானாகச் செத்து விழுந்தால் சனம் வீட்டை விட்டு வெளியேறிவிடும்.

அரசாங்கங்களுக்கு முதலில் தோன்றிய வழி எலியைக் கொல்வதுதான். 1902இல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஹனோய் நகரில் ஒரு திட்டம் போட்டார்கள். புதிதாகக் கட்டிய நிலக்கீழ்க் கழிவு வாய்க்கால்களில் எலி பெருகிவிட்டது. எலியைக் கொன்று வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் வாலுக்குக் காசு என்று அறிவித்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வால்கள் வந்தன. அதிகாரிகளுக்குச் சந்தோசம். கொஞ்ச நாளில் நகரத்தில் வாலில்லாத எலிகள் ஓடித் திரிவதைக் கண்டார்கள். சனம் வாலை மட்டும் வெட்டிவிட்டு எலியை விட்டிருக்கிறது, குட்டி போட்டால் இன்னும் வால் கிடைக்குமல்லவா? நகரத்துக்கு வெளியே எலி வளர்க்கவும் தொடங்கியிருந்தார்கள். திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இதைக் கேட்டுப் பிள்ளைகள் வகுப்பில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கலாம். ஆனால் கொல்வதை மட்டும் நம்பினால் கணக்கு எப்போதும் எலியின் பக்கம்தான் என்பது அதில் இருக்கும் பாடம்.

இனி ஜாவாவுக்கு வருவோம்.

ஜாவா நமக்கு அந்நியமான இடமில்லை. ஒல்லாந்தர் காலத்தில் அங்கிருந்தும் சுற்றியுள்ள தீவுகளில் இருந்தும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்தான் நம் நாட்டு மலாய் சகோதரர்கள். நம் பெரியவர்கள் அவர்களை 'ஜாவா மனுசர்' என்றுதான் சொல்வார்கள். கொழும்பு கொம்பனித்தெருவில் ஜாவா லேன் இன்றும் இருக்கிறது.

1910 கடைசியில் ஜாவாவில் அரிசித் தட்டுப்பாடு. பர்மாவில் இருந்து அரிசி இறக்கினார்கள். சுரபாயா துறைமுகத்தில் இறங்கிய மூட்டைகள் ரயிலில் மலாங் என்ற மலைப்பாங்கான பகுதிக்குப் போயின. 1911இல் மலாங்கில் பிளேக் என்று உறுதியானது. அரிசியோடு நோயும் வந்து இறங்கியிருந்தது.

ஒல்லாந்த டொக்டர்கள் வீடு வீடாகப் போய்த் தேடினார்கள். அழுக்கில், குப்பையில் எலி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு வேறொரு விஷயம் தெரிந்தது. எலி வீட்டுக் கூரையிலேயே குடியிருந்தது. ஜாவாக் கிராமத்து வீடுகள் மூங்கிலால் கட்டப்பட்டவை. மூங்கில் உள்ளே குழல். கைமரம், வளை, தூண் எல்லாம் மூங்கில். வெட்டிய முனை திறந்துதான் இருக்கும். அந்தக் குழலுக்குள் எலி கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது. ஓலைக் கூரையின் அடுக்குகளுக்குள்ளும், இரட்டைத் தட்டி அடித்த சுவர்களின் நடுவிலும், மூங்கில் கட்டிலின் கால்களுக்குள்ளும் கூட இருந்தது. வீட்டுக்காரன் எவ்வளவு கூட்டித் துடைத்தாலும் அது தெரியாது.

இதைக் கண்ட பிறகு அவர்கள் எடுத்த முடிவுதான் பெரிது. எலியைக் கொல்வதை முதல் வேலையாக வைக்காமல், எலி குடியிருக்க முடியாதபடி வீட்டை மாற்றுவது என்று தீர்மானித்தார்கள். ஓலையை எடுத்து ஓடு போடுவது, மூங்கிலுக்குப் பதிலாக மரம் போடுவது, மூங்கில் இருக்கும் இடத்தில் அதன் வாயை அடைப்பது, இரட்டைச் சுவரை ஒற்றையாக்குவது, வெளிச்சம் விடுவது. ஆள் கண்ணுக்குத் தெரியாத இடம் வீட்டில் இருக்கக்கூடாது என்பதுதான் சுருக்கம். 1942இல் ஜப்பானியர் வரும் வரை பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இப்படித் திருத்தினார்கள். ஒரு நோய்க்காக இத்தனை கூரைகளைக் கழற்றி மாட்டியது உலக வரலாற்றில் அபூர்வம்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் இருந்தவர்களின் பக்கத்தில் இருந்தும் பார்க்க வேண்டும்.

நோய் கண்ட வீடு என்றால் குடும்பத்தை வெளியேற்றித் தற்காலிகக் கொட்டிலில் இருத்துவார்கள். கூரையைத் திறந்து, சாமான்களை வெயிலில் போடுவார்கள். மூங்கிலும் ஓலையும் வளவில் இருந்தே வெட்டியது, காசு செலவில்லை. ஓடும் மரமும் அப்படியில்லை. அதற்கான செலவை அரசாங்கம் முற்பணமாகக் கொடுத்துவிட்டு, பிறகு தவணை தவணையாகத் திருப்பி வாங்கியது. கேட்காத வீட்டுக்கு, கேட்காத கடன். வேளைச் சோற்றுக்கு உழைக்கிற விவசாயி எலிக்காகக் கடனாளி ஆனான்.

இன்னொரு விஷயம் நம் மனதை இன்னும் அதிகமாகத் தொடும். இறந்தவர் பிளேக்கில் இறந்தாரா என்று அறிய, மையித்தின் மண்ணீரலில் ஊசியால் குத்தி மாதிரி எடுப்பார்கள். அதுவரை அடக்கம் தாமதிக்கும். மையித்தைக் கண்ணியப்படுத்தும் முஸ்லிம் கிராமங்களில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. மரணத்தை மறைக்கும் நிலைமையும் வந்தது. மறைத்ததால் நோய் இன்னும் பரவியது. கொரோனா காலத்தில் ஜனாஸா விடயத்தில் நாம் பட்ட வேதனையை நினைத்தால், அந்த மக்களின் மனநிலை நமக்கு விளங்கும்.

எல்லா டொக்டர்களும் ஒரே மாதிரி இருக்கவில்லை. சிப்தோ மாங்கூன்குசுமோ என்ற ஜாவா டொக்டர் தானாக முன்வந்து மலாங்குக்குப் போனார். நோய்க் கிராமங்களில் சனத்தோடு சனமாக வேலை செய்தார். நோயில் குடும்பத்தை இழந்த ஒரு கைக்குழந்தையை எடுத்து வளர்த்தார். நோயின் பெயரையே சேர்த்து அந்தப் பிள்ளைக்குப் பெஸ்யாத்தி என்று பெயர் வைத்தார். ஒல்லாந்த அரசு அவருக்குப் பெரிய விருது கொடுத்தது. பிறகு அந்த விருதையே அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தோனேசிய விடுதலை வரலாற்றில் அவர் பெயர் பெரிய பெயர்.

முடிவு என்ன? 1911 முதல் 1942 வரை ஜாவாவில் பிளேக்கால் இறந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகம். நோய் கிழக்கில் இருந்து மேற்காக நகர்ந்துகொண்டே போனது. 1934இல் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் காலத்தில்தான் பண்டுங் நகரில் ஒட்டன் என்ற ஆய்வாளர் தடுப்பூசி ஒன்றைத் தயாரித்தார். இலட்சக்கணக்கானோருக்கு ஏற்றினார்கள், நோய் இறங்கியது. வீட்டுத் திருத்தம் எவ்வளவு உதவியது, தடுப்பூசி எவ்வளவு உதவியது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் வீடு கட்டப்பட்ட விதமே நோய்க்கு வழி விடக்கூடும் என்பதை உலகம் ஜாவாவில்தான் தெளிவாகக் கண்டது.

நம் நாட்டுக்கும் பிளேக் வந்தது. அதற்கு முன்பே, இந்தியாவில் இருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களை முகாம்களில் தடுத்து வைத்துப் பரிசோதித்தார்கள். ராகமை முகாம், பிறகு மண்டபம் முகாம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏழை மனிதனைத் தடுத்து வைத்தார்கள். ஆனால் 1914இல் கொழும்பில் பிளேக் தோன்றியபோது, எலியும் தெள்ளும் கப்பலில் தானிய மூட்டைகளோடு வந்தன என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். கொழும்பு நகர நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹேர்ஸ்ட் என்பவர் எலிகளின் தெள்ளுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கொழும்பில் சாதாரணமாக இருக்கும் தெள்ளு வேறு இனம், அது பிளேக்கைக் கடத்துவதில் பலவீனமானது என்று கண்டார். நம் நாடு பம்பாயைப் போல் அழியாமல் தப்பியதற்கு அது ஒரு காரணம் என்று விளக்கினார். 1953இல் அவர் எழுதிய பிளேக் பற்றிய நூல் இன்றும் அத்துறையில் பேசப்படுகிறது. ஆராய்ச்சி நடந்தது நம் கொழும்பில் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இன்று நம்மிடம் பிளேக் இல்லை. ஆனால் எலி இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது. 2008இல் நாடு முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் என்று பதிவானது. எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி, ஈரத்தில் தங்கி, காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகிறது. நம் பகுதியில் வயல்தான் முதல் ஆபத்து. அதற்காக வீட்டை விட்டுவிட முடியாது.

நம் கூரையும் மாறியிருக்கிறது. என் மூத்தம்மாவின் கிடுகு வீட்டில் சீலிங் இல்லை. அண்ணாந்து பார்த்தால் முகடு தெரியும். மாரிக்கு முன்னர் கிடுகு மாற்றும்போது எலிக்கூடு, பாம்புச் சட்டை எல்லாம் கீழே வந்துவிடும். இப்போது அஸ்பெஸ்டஸ், ஓடு, தகரம், அதற்குக் கீழே சீலிங். வீட்டுக்குள் யாரும் போகாத இருட்டறை ஒன்றை நாமே கட்டி வைத்திருக்கிறோம். எலி, அணில், வௌவால், மரநாய் எல்லாம் அதை எடுத்துக்கொள்கின்றன. மின்சார வயரும் அதற்குள்ளேதான் ஓடுகிறது.

இரவில் உறங்கப் போகும்போது பாத்திரங்களை மூடி, விளக்கை அணைக்கச் சொன்ன நபிமொழியை நாம் அறிவோம். எலி திரியை இழுத்து வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற காரணமும் அதிலேயே இருக்கிறது. எலியைக் கொல்ல மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆனால் இங்கே கற்றுத் தரப்படுவது ஆபத்து வரும் வழியை நாமே மூடும் ஒழுக்கம். அன்று திரி, இன்று வயர்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடாவிக் காக்காவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

1. முதலில் வழியைத் தேடுங்கள். சுவரும் கூரையும் சேரும் இடம், அலை அலையான சீட்டின் கீழ் இடைவெளி, முகட்டு ஓடு, வயரும் பைப்பும் நுழையும் துளை. பெருவிரல் நுழையும் ஓட்டை எலிக்குப் போதும். சுண்டெலிக்கு அதில் பாதி போதும்.

2. சாக்கு, ரெஜிபோம், பிளாஸ்டிக் வைத்து அடைக்க வேண்டாம், அரித்துவிடும். கால் அங்குலக் கண்ணுள்ள கல்வனைஸ் வலையும் சீமெந்துச் சாந்தும்தான் நிற்கும்.

3. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தால் உள்ளே இருப்பது செத்து நாறும். ஒரு வழியை விட்டு மற்றவற்றை அடையுங்கள். பொறி வையுங்கள். சத்தம் நின்ற பிறகு கடைசி வழியை மூடுங்கள்.

4. மரநாய் என்றால் நஞ்சு வைக்காதீர்கள். அது இரவில் இரை தேடி வெளியே போகும். குட்டி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அது வெளியே போன நேரத்தில் அடையுங்கள். குட்டி இருந்தால் வளரும் வரை பொறுங்கள். வௌவாலுக்கும் இதே முறைதான்.

5. கூரையைத் தொடும் மரக் கொப்புகளை வெட்டுங்கள். நெல், அரிசி, கோழித்தீனை மூடியுள்ள வாளியில் வையுங்கள்.

6. எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். கையுறை போட்டு, வாய் மூக்கை மூடி, கிருமிநாசினி கலந்த தண்ணீர் தெளித்து நனைத்து எடுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம், அதன் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

7. காய்ச்சலும் கடுமையான தசை வலியும் வந்தால் தாமதிக்காமல் டொக்டரிடம் போங்கள். வயலுக்குப் போனதையும், வீட்டில் எலி இருப்பதையும் நீங்களே சொல்லுங்கள். வயலுக்கு இறங்கும் முன் எடுக்கும் தடுப்பு மருந்து பற்றி பீ.எச்.ஐ.யிடம் கேளுங்கள்.

இனி நான் சொன்ன வேலை.

வசதியுள்ளவர்கள் இந்த ஏழையும் வாசித்துவிட்டு மேசனைக் கூப்பிடுவோம். அந்த உம்மா யாரைக் கூப்பிடுவார்? ஜாவாவில் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் கட்டளை ஓரிடத்தில் இருந்து வந்தது, செலவு ஏழையின் தலையில் விழுந்தது. சனம் அதை மருந்தாகப் பார்க்கவில்லை, தண்டனையாகப் பார்த்தது. நம் ஊரிலும் "அடையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதோடு நின்றால் நாமும் அதையே செய்கிறோம். எலி வேலி பார்ப்பதில்லை. அந்த வீட்டுச் சாக்கில் குட்டி போட்டது நாளைக்கு என் வீட்டுச் சீலிங்குக்கும் வரும்.

ஓடாவிக் காக்காவும் இரண்டு மேசன்மாரும் ஒரு சனிக்கிழமை கூலியில்லாமல் வரச் சம்மதித்திருக்கிறார்கள். முதல் ரோல் வலை என் பொறுப்பு. எங்கள் மஹல்லாவில் விதவைகள், வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள் என்று பதினொரு வீடுகளை டீச்சர்மாரோடு சேர்ந்து பார்த்து வைத்திருக்கிறோம். வலை, சீமெந்து, ஆணி, ஏணி, ஒரு நாள் உழைப்பு, எது முடியுமோ அதைத் தாருங்கள். பள்ளி நிர்வாகத்துக்கும் அறிவித்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். போய் வேலை செய்யும் நாளில் யாரும் அந்த வீடுகளைப் போட்டோ எடுத்துப் போட வேண்டாம். அந்தப் பிள்ளை அன்றைக்குத் தலை குனிந்ததை நான் கண்டேன். இன்னொரு தடவை அதைக் காண விரும்பவில்லை.

விருப்பமானவர்கள் உள்பெட்டியில் அறிவியுங்கள். உங்கள் ஊரிலும் இப்படிச் செய்ய நினைத்தால் எங்களிடம் கேட்க வேண்டியதில்லை, தொடங்குங்கள்.